அவள் சொல்லமாட்டாள், நான் சொல்கிறேன்

786
கொம்பனித்தெரு, கொழும்பு
30.01.1955

மச்சி உம்முவுக்கு ஸாலிஹாவின் சலாம்.

அல்லாஹ்வின் காவலில் இங்கே எல்லாரும் சுகம். மாமா, மாமி, தம்பி றஸாக், கோழிகள் எல்லாருடைய சுகத்தையும் எழுது. மாமாவின் தோணிக்கு மீன் படுகிறதா?

வாப்பா புது வேலைக்கு வந்த துறைமுகக் கந்தோர் கிட்ட என்பதால் நடந்தே போகிறார். உம்மாவுக்குத்தான் கொழும்பு பிடிக்கவில்லை. "ஐசில கிடந்த மீனு, கண்ணப் பாரு" என்று மீன்காரனோடு தினமும் சண்டை. உம்மா தமிழில் ஏச, அவன் சிங்களத்தில் ஏசுகிறான். இரண்டு பேருக்கும் நல்லாய் விளங்குகிறது.

பள்ளிக்கூடம் பெரியது. எல்லாப் பாடமும் இங்கிலீசில். எங்கள் மிஸ் பறங்கிப் பெண், மிஸ் ஷொக்மன். எங்கள் தெருவில் ஸ்டெல்லா என்று ஒரு பறங்கிப் பிள்ளை இருக்கிறாள். அவளும் இந்த வருடம்தான் சேர்ந்தாள், ஒன்றாகத்தான் போய் வருகிறோம். சேர வந்த அன்று, "எனக்குக் கணக்கு வெகு நல்லாய் வரும்" என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னாள் உம்மு! கொஞ்சமும் வெட்கமில்லை. பக்கத்தில் நின்ற எனக்கு முகம் சுட்டது.

வருடக் கடைசியில் பார்ப்போம் என்று வாப்பா சொல்லியிருக்கிறார். நல்லாய்ச் செய்தால் எஸ்.எஸ்.சி. வரைக்கும் படிப்பு, இல்லாவிட்டால் வீட்டில் இருந்து தையல். கடற்கரையில் நாம் செய்த சத்தியம் நினைவிருக்கிறதா? இரண்டு பேரும் ஒரே வருடத்தில் எஸ்.எஸ்.சி. எழுதுவது.

மாமியின் கைகளை நான் கொஞ்சியதாகச் சொல்.

உன் மச்சி
ஸாலிஹா


சாய்ந்தமருது
18.02.1955

கொழும்புக்காரி ஸாலிஹாவுக்கு,

உனக்கும் வீட்டாருக்கும் என் சலாம் உண்டாகட்டும். இங்கே எல்லாரும் சுகம். கோழிகளில் ஒன்றைக் கீரி கொண்டுபோய்விட்டது, மற்றவை உனக்குச் சலாம் சொல்கின்றன. வாப்பாவுக்குப் பாரைக்குட்டி நிறையப் பட்டது.

உன் கடிதத்தை வழமை போல வாப்பாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது என்பது எனக்கு எவ்வளவு வசதி என்று உனக்குத் தெரியும்தானே. சத்தியத்தைப் பற்றிய வரி வந்ததும் விட்டுவிட்டு, மாமியின் கைக்குப் பாய்ந்துவிட்டேன். எஸ்.எஸ்.சி. என்றால் வாப்பாவின் முகம் எப்படிப் போகும் என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஸ்டெல்லாவை நினைத்துச் சிரித்தேன். போன வருடம் இன்ஸ்பெக்டர் வந்து "இந்த வகுப்பில் கெட்டிக்காரி யார்?" என்று கேட்டாரே, நான் உன்னைக் காட்டினேன், நீ என்னைக் காட்டினாய். "ரெண்டும் ஒண்டையொண்டு காட்டும் சேர், விடியுமட்டும் காட்டும்" என்று தங்கேஸ்வரி ரீச்சர் சொல்லி உன்னை முன்னால் இழுத்துவிட்டா. தன்னைத் தானே புகழ்ந்தால் கண்ணூறு படும் என்று உன் உம்மா, என் மாமி, நமக்குச் சோற்றோடு ஊட்டியிருக்கிறா. ஸ்டெல்லாவின் உம்மா வேறென்ன ஊட்டினாவோ.

ஒரு கணக்கு அனுப்புகிறேன். ஒரு தொட்டியை ஒரு குழாய் 4 மணித்தியாலத்தில் நிரப்பும், மற்றது 6 மணித்தியாலத்தில். அடியில் உள்ள ஓட்டை நிறைந்த தொட்டியை 12 மணித்தியாலத்தில் காலியாக்கும். மூன்றும் திறந்திருந்தால் எப்போது நிரம்பும்? எனக்கு ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு விடை. நீ செய்து அனுப்பு.

உன்னை எந்த வகுப்பில் சேர்த்தார்கள்? உன் வகுப்பில் உனக்கு அடுத்ததாக வருகிறவள் யார்? பாவம் அவள். எனக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

மழை தூறுகிறது, காயப்போட்ட கருவாட்டை எடுக்க வேண்டும். மிச்சம் உன் பதில் கண்டு.

உம்மு


கொம்பனித்தெரு
10.04.1955

அன்பு மச்சிக்கு சலாம்.

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்குத் துஆ.

நோன்பு வரப்போகிறது. உம்மா அரிசி இடித்து வைத்திருக்கிறா. தவணைப் பரீட்சை முடிந்தது, பரவாயில்லை. தொட்டிக் கணக்கைப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை.

இங்கே வெயில் கடுமை. மாமா மாமிக்கு சலாம்.

ஸாலிஹா


சாய்ந்தமருது
28.05.1955

ஸாலிஹா,

பெருநாள் சலாம். வீட்டில் எல்லாரும் சுகம். நான் மட்டும் கோபத்தில் இருக்கிறேன்.

நேரம் கிடைக்கவில்லை என்று யாருக்கு எழுதுகிறாய்? ரீச்சர் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிக்கும் முன்னே காலை ஆட்டிக்கொண்டு விடையோடு இருக்கிறவள் நீ. உன் காலாட்டத்தில் நாம் சேர்ந்து உட்காரும் வாங்கு முழுதும் குலுங்கி என் எழுத்துக் கோணலாகும். இப்போது உன் கடிதம் வெறும் வெயிலும் நோன்பும் அரிசியும். இதை எழுத உன் உம்மா போதும், நீ எதற்கு?

எந்த வகுப்பு என்று கேட்டேன், பதில் இல்லை. அடுத்ததாக யார் என்று கேட்டேன், அதற்கும் இல்லை. "ஸாலிஹா என்னகா எழுதியிருக்கா?" என்று வாப்பா கேட்டபோது உன் கடிதம் அவ்வளவு சின்னதாக இருந்தபடியால், இல்லாத நாலு வரியை நானே சேர்த்து வாசித்தேன். நீ கடலில் குளித்ததாகவும் ஸ்டெல்லாவைத் தோற்கடித்ததாகவும்.

உண்மையை எழுது. தனித் தாளில் எழுது, வாசித்துக் காட்டமாட்டேன். எழுதாவிட்டால் அல்லாஹ் அறிய இனி நான் உனக்கு எழுதமாட்டேன்.

உம்மு


கொம்பனித்தெரு
19.06.1955

உம்மு, சலாம்.

மாமாவுக்கு வாசிக்கிற கடிதம் மற்றத் தாளில் இருக்கிறது. அதில் எல்லாரும் சுகம். இது உனக்கு.

நான் உன்னைப் போல எட்டாம் வகுப்பில் இல்லை. ஆறாம் வகுப்பில், சின்னப் பிள்ளைகளோடு இருக்கிறேன். மேசைக்குக் கீழே முழங்கால் போகாது, பக்கவாட்டில்தான் உட்கார வேண்டும்.

சேர்ந்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பள்ளிக்கூடம் தந்த சேர்ட்டிபிக்கேட் தமிழில் இருந்தது, மிஸ்ஸுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால் எங்களிடமே கேட்டா. ஸ்டெல்லா சொன்னதை எழுதினேன்தானே. பிறகு என்னைப் பார்த்து, "நீ கணக்கு நல்லாய்ச் செய்வாயா?" என்றா. நான் தலையைக் குனிந்துகொண்டு, "இல்லை மிஸ், அவ்வளவு வராது" என்றேன். "அல்ஜிப்ரா?" "கொஞ்சம், மிஸ்."

சொல்லிவிட்டுக் காத்துக்கொண்டு நின்றேன். நம்முடைய ஊரில் என்றால் அந்த இடத்தில் பக்கத்தில் நிற்கிறவர், "அவ அப்படித்தான் சொல்லுவா ரீச்சர், அவதான் முதலாவது" என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் நின்றது வாப்பா. தன் பிள்ளையைத் தான் புகழலாமா? அவரும் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஏதோ படிப்பா" என்றார். மிஸ் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஆறாம் வகுப்பு என்று எழுதினா.

முதலில் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஒரு கிழமையில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் இங்கே மிஸ் கேள்வி கேட்டால் தெரிந்தவர்கள் கையை உயர்த்த வேண்டும். "எனக்குத் தெரியும், என்னைக் கேள்" என்று கையை எப்படி உயர்த்துவது? மிஸ் கேட்கட்டும் என்று இருப்பேன், மிஸ் கேட்பதில்லை. பிறகு பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆறாம் வகுப்புக் கணக்கிலேயே பிழை விட்டேன். முதல் தவணையில் இருபத்தேழாவது.

தொட்டிக் கணக்குப் பார்க்க நேரம் இருந்தது உம்மு. தொடத்தான் பயமாக இருந்தது. அதுவும் வராவிட்டால் நான் மக்கு என்பது முடிவாகிவிடும். ஊரில் நான் முதலாவதாக வந்ததெல்லாம் ரீச்சரின் இரக்கமோ என்று கூட யோசிக்கிறேன்.

டிசம்பருக்குள் எட்டாம் வகுப்புக்கு ஏறாவிட்டால் பள்ளிக்கூடம் போதும் என்று வாப்பா சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது.

இதைக் கிழித்து அடுப்பில் போடு.

ஸாலிஹா


சாய்ந்தமருது
02.07.1955

மச்சி,

சலாம். சுகம். அடுப்பில் போட்டுவிட்டேன். போடும் முன் அழுதேன், அதை நீ வைத்துக்கொள்.

ஏச நிறைய இருக்கிறது, பிறகு ஏசுகிறேன். இப்போது எனக்கு ஒன்று மட்டும் வேண்டும். உன் மிஸ்ஸின் பெயரையும் பள்ளிக்கூட விலாசத்தையும் இங்கிலீசில் எழுதி உடனே அனுப்பு. ஏன் என்று கேட்காதே.

உம்மு


கொம்பனித்தெரு
21.08.1955

அடி உம்மு!

சலாம், சுகம், எல்லாம் கடைசியில் எழுதுகிறேன்.

விலாசம் கேட்டபோது, மிஸ்ஸுக்குத் தின்ன ஓட்டுமாப் பொட்டலம் அனுப்பப் போகிறாய் என்று நினைத்த மடைச்சி நான். புதன்கிழமை மிஸ் ஒரு கடிதத்தோடு வகுப்புக்கு வந்தா. உறையின் மேல் உன் கோணல் இங்கிலீசு எழுத்து.

"இது தமிழில் இருக்கிறது. வகுப்பில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். வாசித்து இங்கிலீசில் சொல்" என்றா. இங்கே எங்களைப் போலத் தமிழ் கதைக்கிற சோனகப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆனால் எழுத்துத் தெரியாது. எழும்பினேன். முதல் வரியைப் பார்த்தேன்.

"மதிப்புக்குரிய மிஸ், அவள் சொல்லமாட்டாள், ஆகையால் நான் சொல்கிறேன்."

நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. "இவள் என் மச்சி. உங்கள் சுகத்தை விசாரிக்கிறாள்" என்று சொல்லிவிட்டுக் கடிதத்தை மடித்தேன்.

மிஸ் கண்ணாடியை இறக்கிப் பார்த்தா. "இரண்டு பக்கத்துக்கும் என் சுகம்தானா?" சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். மிஸ் கடிதத்தை வாங்கி விரித்து, 4, 6, 12 என்ற இடத்தில் விரலை வைத்தா. "இது என்ன? என் வயதா?"

இலக்கத்தை எங்கே ஒளிப்பது? தொட்டிக் கணக்கு என்று சொன்னேன். "செய்" என்று சுண்ணக்கட்டியை நீட்டினா. பயந்து பயந்து கரும்பலகைக்குப் போனேன். எழுதத் தொடங்கியதும், உம்மு, கால் தானாக ஆடத் தொடங்கிவிட்டது. நாலிலொன்று, ஆறிலொன்று, இரண்டையும் கூட்டி அதில் பன்னிரண்டிலொன்று கழிய மூன்றிலொன்று. மூன்று மணித்தியாலம். உனக்கு எப்படித்தான் ஒவ்வொரு தரமும் வேறு விடை வந்ததோ!

"இப்போது முழுக்க வாசி. ஒரு வரியும் விடாதே" என்றா மிஸ்.

வாசித்தேன். "எங்கள் ஊரில் தன்னைத் தானே புகழ்வது பழக்கமில்லை. அவள் வராது என்றால் நல்லாய் வரும் என்று எடுங்கள். கொஞ்சம் என்றால் முழுதும் வரும்." இதை நானே என் வாயால் இங்கிலீசில் சொன்னேன் உம்மு. மிஸ் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தா. பிறகு இந்த வரி வந்தது. "கடந்த மூன்று வருடமும் அவள் முதலாவது, நான் இரண்டாவது. இந்த வருடம் அவள் இல்லாதபடியால் நான் முதலாவது. ஆகவே என்னை விட யாருக்கும் இது தெரியாது."

அந்த வரியை இரண்டாம் தரமும் வாசித்தேன். நீ முதலாவதா? முதல் தவணையில் இருந்து முதலாவதாக வந்துகொண்டு, எனக்கு ஒரு வார்த்தை எழுதவில்லையே! கோழியைக் கீரி கொண்டுபோனதை எழுதினாய், இதை எழுதவில்லை.

நாளையில் இருந்து கணக்குக்கு எட்டாம் வகுப்புக்குப் போ என்று மிஸ் சொன்னா. மற்றப் பாடங்களை இந்தத் தவணைப் பரீட்சையில் பார்க்கிறாவாம். போகும்போது, "அன்றைக்கு உன் அப்பாவிடமும் நான் கேட்டேனே" என்றா. "அவரும் எங்கள் ஊர்தான் மிஸ்" என்றேன்.

இப்போது சலாம். நாங்கள் எல்லாரும் சுகம். நான் வெகு வெகு சுகம்.

உன்
ஸாலிஹா


சாய்ந்தமருது
04.09.1955

எட்டாம் வகுப்பு ஸாலிஹாவுக்கு,

சலாமும் ஒரு குட்டும். உன் கடிதத்தை வேலியோரம் நின்று வாசித்துச் சத்தம் போட்டுச் சிரித்ததில் உம்மா பேய் பிடித்ததோ என்று ஓடிவந்தா. மிஸ்ஸுக்கு இங்கிலீசில்தான் எழுதப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் பசுமாட்டைப் பற்றி மட்டுமே எழுத முடியும், அதனால் விட்டுவிட்டேன்.

முதலாவதாக வந்ததை ஏன் சொல்லவில்லை என்கிறாய். சொன்னால் நீ போனதற்குச் சந்தோசப்பட்டது போல இருக்காதா? உண்மையில் முதல் நாள் சந்தோசமாகத்தான் இருந்தது. மறுநாள் திரும்பிப் பார்த்தால் வாங்கு குலுங்கவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. யார் சொல்வது? நீ இல்லையே.

எல்லாரும் சுகம். வேறு விசேஷம் இல்லை.

உம்மு


கொம்பனித்தெரு
20.11.1955

மச்சிக்கு சலாம்.

நாங்கள் நல்ல சுகம். உன் சுகம்தான் தெரியவில்லை. இரண்டு கடிதம் போட்டேன். மூன்றாம் தவணையில் இருந்து நான் முழுக்க எட்டாம் வகுப்பு என்று எழுதினேன், எஸ்.எஸ்.சி. என்று வாப்பாவே தன் வாயால் சொன்னார் என்று எழுதினேன், பதில் இல்லை. ஸ்டெல்லா நூற்றுக்கு ஒன்பது எடுத்துவிட்டு, "கணக்கு எனக்கு நல்லாய் வரும், இந்தத் தரம் கேள்விதான் சரியில்லை" என்று சொன்னதை எழுதினேன். அதற்கும் கூட உன்னிடம் இருந்து ஒரு சிரிப்பு இல்லை.

நேற்று ஊரில் இருந்து வந்த ஓட்டுமாவோடு செய்தியும் வந்தது. நீ பெரிய பிள்ளையாகித் தண்ணீர் வார்த்தார்களாம், குரவை போட்டார்களாம். அக்டோபரில் இருந்து பள்ளிக்கூடம் இல்லையாம். உண்மையை எழுது என்று சத்தியம் போட்டு என்னை மிரட்டியவள் நீ!

உன்னைத் தெரியும். மாமா "போதும்" என்றதும் நீ தலையைக் குனிந்து "ஓம் வாப்பா" என்றிருப்பாய். பிறகு யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்துக்கொண்டு நின்றிருப்பாய்.

இதோடு மாமாவுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது, நீதான் வாசிக்க வேண்டும். உன் வழமையான வேலையைக் காட்டாதே. ஒரு வரியும் விடாதே.

ஸாலிஹா


கண்ணியமிக்க மாமா முகைதீன்பாவா அவர்களுக்கு மருமகள் ஸாலிஹா எழுதுவது.

உங்கள் சுகத்துக்கும் தோணிக்கும் எப்போதும் துஆ செய்கிறேன். வயதுக்கு மிஞ்சிக் கதைப்பதாக நினைத்தால் மன்னியுங்கள். உம்மு சொல்லமாட்டாள், ஆகையால் நான் சொல்கிறேன்.

இந்த வருடம் உங்கள் மகள் வகுப்பில் முதலாவது. இரண்டு தவணையும் முதலாவது. இதை உங்களிடம் சொல்லியிருக்கமாட்டாள். நான் இங்கே மக்காகிக் கிடந்தபோது, என் வாப்பா கூடப் பேசத் தயங்கிய இடத்தில், அவள் அங்கிருந்து பேசி என்னைத் தூக்கிவிட்டாள். நான் இன்று படிக்கிறேன் என்றால் உங்கள் மகளால்தான். என்னைப் படிக்க வைத்தவள் படிக்காமல் வீட்டில் இருப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாமா, அவளைத் திரும்பவும் பள்ளிக்கூடம் அனுப்புங்கள். ஊர் என்ன கதைக்கும் என்பதற்கு ஒரு வழியை நீங்கள்தான் யோசிக்க வேண்டும். கடலில் எவ்வளவோ வழி பார்க்கிறவர் நீங்கள்.

மாமிக்கு சலாம்.

பணிவுடன்
ஸாலிஹா


சாய்ந்தமருது
18.12.1955

என் மச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே வெள்ளம் வடிந்துவிட்டது, நாங்கள் எல்லாரும் சுகம். இந்தச் சுகத்தை நீ நம்பலாம்.

எழுதாததற்குக் கோபிக்காதே. என்ன எழுதுவது? நீ எட்டாம் வகுப்பு என்று எழுதுகிறாய், நான் முற்றத்துக்குக் கூடப் போகவில்லை என்று எழுதுவதா? உன் சந்தோசத்தில் கல்லைப் போட மனமில்லை. ஆனால் பொறாமையும் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

உன் கடிதம் வந்த நேரம் கடல் கொந்தளிப்பு. தோணி கரையேறிக் கிடந்தது, வாப்பா வீட்டில் கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தார். "வாசி மனே" என்றார். மேலோட்டமாகப் பார்த்தேன். மாமிக்குச் சலாம் என்ற வரிக்கு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்துவிடலாம் என்று அவ்வளவு ஆசை. பிறகு நீ சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால் எழும்பி நின்றதை நினைத்தேன்.

வாசித்தேன். "உங்கள் மகள் வகுப்பில் முதலாவது" என்றதும் ஊசி நின்றது. நான் தாளில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. கடைசி மட்டும் வாசித்து முடித்தேன். உம்மா அடுப்படிக் கதவில் நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்தா.

வாப்பா ஊசியை வலையில் குத்திவைத்துவிட்டு, "ரீச்சரு ஒருக்கா வழியில கண்டு சொன்னவ. எனக்குத் தெரியும் மனே" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சா ஏன் வாப்பா ஒண்டும் சொல்லல்ல?"

"என்ட புள்ளய நான் எப்படிப் புகழுற? கண்ணூறு படாதா? ஆராச்சும் வந்து கேக்கட்டும் எண்டு பாத்துக்கிட்டு இருந்த. ஒருத்தரும் கேக்கல்ல. நீயும் போறன் எண்டு ஒரு வார்த்த சொல்லல்ல."

நான் அவர் சொல்லட்டும் என்று இருந்திருக்கிறேன், அவர் நான் சொல்லட்டும் என்று இருந்திருக்கிறார், இந்த இரண்டு மாதமும் ஒரே கூரைக்குக் கீழே! கோபத்தில் அழுகை வந்தது, அழுகையில் சிரிப்பு வந்தது.

மறுநாள் தோணியின் பழைய பாய்ச்சீலையைக் கழுவிக் காயப்போட்டார். தங்கேஸ்வரி ரீச்சர் போகிற மாட்டு வண்டிலுக்கு அதை நாலு பக்கமும் மறைப்பாகக் கட்டுகிறாராம். தை பிறந்தால் நான் அந்த வண்டிலில் ரீச்சரோடு பள்ளிக்கூடம் போவேன். ஊரில் கதைக்கிறவர்கள் சீலையைப் பார்த்துக் கதைக்கட்டும் என்கிறார். அது மீன் நாறும் என்று உம்மா சொல்கிறா. நாறட்டும்.

நேற்று இன்னொன்றும் நடந்தது. பின்னேரம் தோணிக்காரர்கள் எல்லாரும் வீட்டு முற்றத்தில் வந்து குந்தியிருந்தார்கள். வாப்பா உள்ளே வந்து மெதுவாக, "அந்தக் காயிதத்த இன்னொருக்கா வாசி மனே. வெளியில கேக்கிற மாதிரி வாசி" என்றார்.

நான் கதவுத் திரைக்குப் பின்னால் நின்று, முதல் வரியில் இருந்து சத்தமாக வாசித்தேன். ஒரு வரியும் விடவில்லை.

உன்
உம்மு